தடமாற்ற முடிவும் தாமிரபரணிச் சமவெளிச் சாலைகளும்: ஓட்டுநர் உதவி அமைப்புகளின் கணிப்புமுறை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

முன்செல்லும் ஊர்தியைக் கடப்பதற்கு அடுத்த தடத்திற்கு மாறலாமா, காத்திருக்கலாமா என்பதை ஊர்தியே கணித்து முடிவுசெய்யும் முறைகள் ஓட்டுநர் உதவி அமைப்புகளில் இடம்பெற்று வருகின்றன. அம்முறைகளுள் இரண்டை இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்று, 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘மொபில்’ மாதிரி. மற்றொன்று, ஐக்கிய நாடுகள் அவையின் ஊர்தி ஒழுங்குவிதி 79 கூறும் உய்யத் தொலைவுக் கணக்கு. இவ்விரண்டும் அடிப்படையாகக் கொள்ளும் சாலை எத்தகையது என்பதையும், கயத்தாறு முதல் காவல்கிணறு வரையிலான தேசிய நெடுஞ்சாலை 44 அதனின்று எவ்வெவ்விடங்களில் வேறுபடுகிறது என்பதையும் எண்கணக்குடன் எடுத்துரைப்பது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: தடமாற்றம், ஓட்டுநர் உதவி அமைப்பு, மொபில் மாதிரி, ஒழுங்குவிதி 79, கலப்புப் போக்குவரத்து, திருநெல்வேலி.

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் ‘எண்ட் டு எண்ட்’ பேருந்தின் முன்னிருக்கை, தடமாற்றம் என்னும் பொருளைக் கற்பதற்கு ஏற்ற இடம். மூன்றடைப்பைத் தாண்டியதும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று இடப்புறத் தடத்தில் ஊர்ந்து செல்கிறது எனக் கொள்வோம். பேருந்து ஓட்டுநர் வலப்புறக் கண்ணாடியை ஒருமுறை பார்க்கிறார்; ஒலிப்பானை இருமுறை அழுத்துகிறார்; வலத்தடத்தில் வேகமாக வரும் காரின் முகப்பு விளக்கு ஒருமுறை மின்னுகிறது. அம்மின்னலை ‘நீ போ’ என்று கொள்வதா, ‘நான் வருகிறேன், நில்’ என்று கொள்வதா என்பதை அவர் அரை விநாடிக்குள் முடிவுசெய்து விடுகிறார். எவ்வாறு முடிவுசெய்தீர்கள் என்று கேட்டால், ‘வண்டி வர்ற வேகத்தப் பாத்தாலே தெரியும்ல’ என்பதே விடையாக வரும்.

அந்த ‘தெரியும்’ என்பதற்குள் அடங்கியவற்றைக் கணிதமாக எழுதும் முயற்சியே தானியங்குத் தடமாற்ற முடிவு. இந்தியச் சந்தையில் 2020ஆம் ஆண்டில் எம்.ஜி. குளோஸ்டர், 2021ஆம் ஆண்டில் மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700 ஆகியவை வெளிவந்ததையடுத்து ரேடாரும் கேமராவும் கொண்ட உதவி அமைப்புகள் பரவலாயின. முன்செல்லும் ஊர்தியோடு இடைவெளி காத்தல், தடத்திற்குள் ஊர்தியை நிறுத்திவைத்தல் ஆகிய இரண்டுமே அவற்றின் முதன்மைப் பணிகள். தடத்தை மாற்றுவது அடுத்த படி. இவ்விரண்டினும் பன்மடங்கு சிக்கலானது. ஏனெனில் முன்னைய இரண்டிலும் ஊர்தி தன் இடத்திலேயே இருக்கிறது. தடமாற்றத்திலோ பிறர்க்குரியதாகக் கருதப்படும் இடத்திற்குள் நுழைகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் இப்பொருளை எழுதுவோர் முதலில் சொற்சிக்கலை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. ‘வழித்தடம்’ என்னும் சொல் போக்குவரத்துக் கழகங்களின் வழக்கில் பேருந்து செல்லும் ஊர்வரிசையைக் குறிக்கிறது. ‘தடம் எண்’ என்பதும் அதுவே. ‘நான்குவழிச் சாலை’ என்பதில் ‘வழி’ சாலையின் நீளவாக்கிலான பகுப்பைக் குறிக்க, ‘ஒருவழிச் சாலை’ என்பதில் அதே சொல் செல்திசையைக் குறிக்கிறது. எனவே இக்கட்டுரையில் கோடுகளால் பிரிக்கப்பட்ட நெடும்பகுதி ‘தடம்’ என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுதல் ‘தடமாற்றம்’ என்றும் ஆளப்படுகின்றன.

பேச்சுவழக்கிலோ ஓட்டுநர்கள் தடம் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அவர்கள் ‘சைடு கேட்கிறார்கள்’, ‘சைடு கொடுக்கிறார்கள்’, ‘சைடு வாங்குகிறார்கள்’. முந்துதல் என்பது இங்குக் கொடுக்கல் வாங்கலாகவே சொல்லப்படுகிறது. இவ்வழக்கு பின்னர்த் தேவைப்படும்.

தடமாற்ற முடிவின் அமைப்பு

கிப்ஸ் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. தடமாற்றம் இயலுமா, தேவையா, விரும்பத்தக்கதா என்னும் மூன்று கேள்விகளை வரிசைப்படுத்தி, ஓட்டுநரின் முடிவை ஒரு கிளைவழியாக அவர் அமைத்தார். பின்வந்த மாதிரிகள் பலவும் இக்கேள்விகளையே வெவ்வேறு கணிதத்தில் கேட்கின்றன. விளையாட்டுக் கோட்பாடு, வலுவூட்டல் கற்றல், ஆழ்கற்றல் எனப் புதிய முறைகள் பல வந்துள்ளன. எனினும், ஏன் இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதை வரிக்குவரி எடுத்துக்காட்ட இயலும் முறைகளுள் ஆர்னே கெஸ்டிங், மார்ட்டின் டிரைபர், டிர்க் ஹெல்பிங் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட மொபில் மாதிரி இன்றும் முன்னிற்கிறது. ஆகவே அதுவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மொபில் இரண்டு சோதனைகளைக் கொண்டது. முதலாவது காப்புச் சோதனை: நாம் நுழையவிருக்கும் தடத்தில் நமக்குப் பின்னால் அமையப்போகும் ஊர்தி, நம் வரவால் ஒரு வரம்புக்கு மேல் வேகத்தைக் குறைக்க நேரக்கூடாது. அவ்வரம்பு பொதுவாக விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்ற அளவில் வைக்கப்படுகிறது. இரண்டாவது ஊக்கச் சோதனை: மாறுவதால் நமக்குக் கிடைக்கும் முடுக்க ஆதாயத்தோடு, பிறர் அடையும் ஆதாய இழப்புகளை ஒரு காரணியால் பெருக்கிக் கூட்ட வேண்டும், அத்தொகை ஒரு சிறு வாயிலளவை மிஞ்சினால் மாறலாம். ‘பிறர்’ எனப்படுவோர் இருவர்: புதிய தடத்தில் பின்வருபவர், பழைய தடத்தில் பின்வருபவர்.

பிறர்க்கு அளிக்கும் அந்த எடைக்கு மாதிரியை உருவாக்கியோர் பணிவு எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். குறளின் 58ஆம் அதிகாரத் தலைப்பை ஒட்டிக் ‘கண்ணோட்டக் காரணி’ என்று இதனை வழங்கலாமெனத் தோன்றியது. ஆயினும் அச்சொல் இன்று நோக்குநிலை என்னும் பொருளிலேயே பயில்வதால் மயக்கம் தரும். ஆதலின் ‘இணக்கக் காரணி’ எனக் கொள்வோம். அது சுழியமாயின் ஊர்தி தன்னலம் மட்டுமே பார்க்கும். ஒன்றாயின் பிறர் இழப்பைத் தன் இழப்பாகவே எண்ணும்.

எடுத்துக்காட்டாகச் சில எண்களைக் கருதிக்கொள்வோம். லாரியின் பின் சிக்கிய கார் அங்கேயே இருந்தால் அதன் முடுக்கம் −0.5, வலத்தடத்திற்கு மாறினால் +0.8. ஆதாயம் 1.3. வலத்தடத்தில் வரும் பேருந்து 0விலிருந்து −2.0க்கு இறங்க நேரிடுகிறது. இடத்தடத்தில் பின்னிருந்தவர் 0.2 பெறுகிறார். பிறரது நிகர இழப்பு 1.8. இணக்கக் காரணி 0.2 எனில் தொகை 1.3 − 0.36 = 0.94, வாயிலளவான 0.1ஐ மிஞ்சுவதால் கார் மாறும். காரணி 1 எனில் 1.3 − 1.8 = −0.5, கார் காத்திருக்கும். சாலையும் ஊர்திகளும் மாறவில்லை; மென்பொருளில் ஓர் எண் மட்டுமே மாறியது. பேருந்தின் −2.0 என்பது 4 என்னும் வரம்பிற்குள் அடங்குவதால், இரண்டு முடிவுகளும் ‘காப்பானவை’ என்றே பதிவாகும்.

இவ்வெண்ணை யார் தீர்மானிப்பது என்பது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி மட்டுமன்று. டெஸ்லா நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வசதியில் வேகத்தின் பொருட்டான தடமாற்றத்தின் தீவிரத்தை ஓட்டுநரே தேர்ந்தெடுக்க முடிந்தது. மிகத் தீவிரமான நிலைக்கு ‘மேட் மேக்ஸ்’ என்று பெயர். பின்னால் வருபவர் எவ்வளவு பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை முன்னால் செல்பவர் பட்டியலிலிருந்து தெரிவுசெய்கிறார் என்பதே இதன் பொருள்.

உய்யத் தொலைவுக் கணக்கு

ஒழுங்குவிதி 79 வேறொரு வழியில் செல்கிறது. அது விருப்பத்தை அளப்பதில்லை. தடைவிதிக்கும் எல்லையை மட்டும் வரையறுக்கிறது. ஓட்டுநர் குறிவிளக்கை இட்டுத் தொடங்க, ஊர்தி தானே திரும்பித் தடம் மாறும் வகை அதில் ‘சி’ வகுப்பு எனப்படுகிறது. ஓட்டுநர் தொடங்கிய 3 விநாடிக்கு முன்போ 5 விநாடிக்குப் பின்போ தடமாற்ற நகர்வு தொடங்கக்கூடாது. வலத்தடத்தில் பின்வரும் ஊர்தி, நகர்வு தொடங்கிய 0.4 விநாடிக்குப் பின் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைத்து, இறுதியில் ஒரு விநாடி இடைவெளியுடன் அமைய வேண்டும். இதற்குத் தேவையான மிகக்குறைந்த தொலைவே உய்யத் தொலைவு.

கணக்கு எளியது. வேக வேறுபாட்டை 0.4ஆல் பெருக்குக, வேக வேறுபாட்டின் வர்க்கத்தை 6ஆல் வகுத்துக் கூட்டுக, நம் வேகத்தில் ஒரு விநாடியில் கடக்கும் தொலைவையும் கூட்டுக. நம் கார் மணிக்கு 60 கி.மீ., பின்வரும் கார் 100 கி.மீ. எனில், வேறுபாடு விநாடிக்கு 11.1 மீட்டர்: 4.4 + 20.6 + 16.7 = ஏறத்தாழ 42 மீட்டர். நம் கார் 40 கி.மீ. வேகத்திற்கு இறங்கிவிட்டால், 6.7 + 46.3 + 11.1 = ஏறத்தாழ 64 மீட்டர். மெதுவாகச் செல்பவருக்குக் கூடுதல் இடைவெளி வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தில்தான் உணரியின் எட்டும் தொலைவு குறுக்கிடுகிறது. பின்னோக்கிய உணரி குறைந்தது 55 மீட்டர் காண வேண்டுமென விதி கூறுகிறது. 55 மீட்டருக்கு அப்பால் ஒருவர் வந்துகொண்டிருக்கலாம் என்று கருதியே அமைப்பு இயங்க வேண்டும். எனவே எவ்வேகத்திற்குக் கீழ் தடமாற்றத்தைச் செயல்படுத்தக்கூடாது என்பது கணக்கிலிருந்தே கிடைக்கிறது. பின்வருபவர் 100 கி.மீ. வேகத்தில் வருவார் எனக் கொண்டால் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 47 கி.மீ.; 130 கி.மீ. எனக் கொண்டால் ஏறத்தாழ 85 கி.மீ.

இதன் விளைவு நம் சாலையில் தெளிவாகத் தெரியும். பிசான அறுவடைக்குப் பின் வைக்கோல் வண்டிகளும் கதிர் அறுக்கும் இயந்திரங்களும் சாலையேறுகின்றன. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கைகளை ஏற்றிய மிகநீண்ட டிரெய்லர்கள் வருகின்றன. இவற்றின் பின் சிக்கிய கார் 25, 30 கி.மீ. வேகத்திற்கு இறங்கிவிடும். தடமாற்றம் மிகவும் தேவைப்படும் அந்நிலையில், 55 மீட்டர் மட்டும் காணும் அமைப்பு விதிப்படி ஒதுங்கிக்கொள்ளும். பொறுப்பு ஓட்டுநரிடம் திரும்பும். அதுவரை கையைத் தளர்த்தி அமர்ந்திருந்த ஓட்டுநர், மிகக் கடினமான தருணத்தில் முடிவைக் கையேற்கிறார். விதியில் பிழையில்லை, உணரி மேலும் தொலைவு கண்டால் இவ்வரம்பு தாழும். ஆயினும் ‘தானியங்கு’ என்ற சொல்லைக் கேட்டு வாங்குவோர்க்கு இவ்வரம்பு சொல்லப்படுகிறதா என்பது வேறு.

களம்: கயத்தாறு முதல் காவல்கிணறு வரை

ஒழுங்குவிதி 79 ‘சி’ வகுப்புத் தடமாற்றத்தை எல்லாச் சாலைக்கும் உரியதாகக் கருதவில்லை. நடந்து செல்வோரும் மிதிவண்டியினரும் தடைசெய்யப்பட்ட, எதிரெதிர்த் திசைகள் தடுப்பால் பிரிக்கப்பட்ட, ஒரு திசைக்கு இரண்டு தடங்களேனும் கொண்ட சாலையே அதன் களம். ஊர்தி விதிகள் தொடர்பான 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடன்று. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உறுப்பு நாடாகும். எனவே இவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. எனினும் உலகச் சந்தைக்கென உருவாக்கப்படும் அமைப்புகளின் உள்ளமைப்பில் இவ்வெண்கள் ஊறியிருக்கும்.

முன்னர் தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டு இன்று 44 என்னும் எண் பெற்ற சாலை கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து வழியாக வந்து, தாமிரபரணியைக் கடந்து, கே.டி.சி. நகரை ஒட்டி ரெட்டியார்பட்டி, பொன்னாக்குடி, மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் எனக் காவல்கிணற்றை அடைகிறது. நடுத்தடுப்பு உண்டு, திசைக்கு இரண்டு தடங்கள் உண்டு. மூன்று நிபந்தனைகளுள் இரண்டு நிறைவேறுகின்றன. மூன்றாவது நிறைவேறவில்லை, நிறைவேறும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. இச்சாலை பல ஊர்களின் ஊர்ச்சாலையாகவும் இருக்கிறது. பள்ளிக்கும் வயலுக்கும் செல்வோர் இதனைக் கடந்தே ஆக வேண்டும். நடுத்தடுப்பின் திறப்பு தொலைவில் இருக்குமாயின், இருசக்கர ஊர்தியாளர் ஓரமாக எதிர்த்திசையில் வந்துவிடுகிறார்.

அந்த எதிர்த்திசை வரவைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வலத்தடத்தில் லாரியைக் கடந்த கார் 90 கி.மீ. வேகத்தில் இடத்தடத்திற்குத் திரும்ப எண்ணுகிறது. லாரிக்கு அப்பால் ஓரத்தில் ஒரு பைக் 40 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. இருவரும் நெருங்கும் வேகம் மணிக்கு 130 கி.மீ., அதாவது விநாடிக்கு 36 மீட்டர். விதி கூறும் 3 விநாடிக் காத்திருப்பிலேயே 108 மீட்டர் கரைந்துவிடும். உய்யத் தொலைவு பின்வருபவரைக் குறித்ததாதலின், முன்னிருந்து எதிர்த்திசையில் வருபவர் அக்கணக்கிற்குள் இல்லை. அவரைக் காண்பது முன்பக்கக் கேமராவின் பொறுப்பு. லாரி மறைத்திருக்கும் வரை கேமராவும் காணாது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்தியில் சென்றோர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது: 64,105. தடமாற்ற மாதிரியில் இருசக்கர ஊர்தியைச் சரியாக எழுதுவதா, விதிவிலக்காக ஒதுக்குவதா என்பது இவ்வெண்களை வைத்தே எடைபோடத் தக்கது.

பின்தொடர்பவர் ஒருவர் மட்டுமா?

மொபில் மாதிரியில் புதிய தடத்தில் பின்வருபவர் ஒருவரே. தடத்தின் அகலம் 3.5 மீட்டர், காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். எஞ்சிய 1.8 மீட்டரில் ஒரு பைக் தாராளமாகச் செல்லும். வலத்தடத்தில் பேருந்தும், அதன் இடத்தோளை ஒட்டி ஒரு பைக்கும், தடக்கோட்டின் மேலேயே இன்னொரு பைக்கும் வருவது நம் சாலையில் அன்றாடக் காட்சி. மொபில் பேருந்தை மட்டும் பின்தொடர்பவராக எடுத்துக்கொண்டால் ஏனைய இருவரும் சமன்பாட்டில் இல்லாதவர் ஆகின்றனர்.

இச்சிக்கலை இந்தியப் போக்குவரத்துப் பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிவர். தடம் என்னும் அலகையே கைவிட்டு, சாலையின் அகலத்தை ஒடுங்கிய பட்டைகளாகப் பகுக்கும் முறை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்க்கப்பட்டது. 7 மீட்டர் ஓடுதளமும் 1.5 மீட்டர் ஓரத்தளமும் கொண்ட ஒருதிசைச் சாலையை அரை மீட்டர்ப் பட்டைகளாகப் பகுத்தால் 17 பட்டைகள் கிடைக்கும். பைக் இரண்டு பட்டைகளையும், பேருந்து ஐந்தாறு பட்டைகளையும் கொள்ளும். அப்போது தடமாற்றம் என்பது ஒரு தாவலாக அமையாமல் பட்டை பட்டையாக நகர்தல் ஆகிறது. பின்தொடர்பவர் யார் என்னும் கேள்விக்கு, நாம் கொள்ளவிருக்கும் பட்டைகள் ஒவ்வொன்றிலும் மிக அருகில் வருபவர் என்பது விடையாகும். காப்புச் சோதனையை அவர்கள் அனைவர்க்கும் தனித்தனியே நடத்தி, ஒருவரேனும் வரம்பை மீற நேர்ந்தால் மாறாதிருத்தல் வேண்டும். ஊக்கச் சோதனையில் அனைவரின் இழப்பையும் கூட்டுவதா, மிகுதியாக இழப்பவரை மட்டும் கொள்வதா என்பது தீராத வினா. கூட்டினால், பைக்குகள் மிகுந்த மாலை வேளையில் கார் ஒருபோதும் மாறாது. பின்னதையே இக்கட்டுரையாளர் ஏற்புடையதாகக் கருதுகிறார். ஆனால் இருசக்கர ஊர்திக்குரிய வேகக்குறைப்பு வரம்பு 4 என்பதினும் தாழ்வாக இருத்தல் வேண்டும். திடீர்ப் பிரேக்கில் பேருந்து குலுங்கும், பைக் சறுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மாதங்களில், காவல்கிணற்றை அடுத்த பகுதியில் பைக் நேர்கோட்டில் செல்வதே அரிது என்பதையும் இதனோடு சேர்த்தெண்ண வேண்டும்.

சைடு கொடுத்தலும் குறியீட்டு மயக்கமும்

மொபிலியே நிறுவனத்தின் ஷலேவ்-ஷ்வார்ட்ஸ், ஷம்மா, ஷஷுவா ஆகியோர் 2017ஆம் ஆண்டில் முன்வைத்த பொறுப்புணர் காப்புக் கோட்பாட்டில், முன்னுரிமை பிறர் தருவதேயன்றி நாமே எடுத்துக்கொள்வதன்று என்பது விதிகளுள் ஒன்று. நம் ஓட்டுநர்கள் ‘சைடு கொடுத்தான்’ என்று சொல்வதும் இதே கருத்துத்தான். வேறுபாடு, கொடுத்ததை எவ்வாறு அறிவது என்பதில் உள்ளது.

இருதட மாநிலச் சாலைகளில் லாரி ஓட்டுநர் வலக் குறிவிளக்கை மின்னச் செய்தால், ‘நான் வலப்புறம் திரும்புகிறேன்’ என்றும் கொள்ளலாம். ‘வலப்புறம் ஒழிந்திருக்கிறது, நீ ஏறிப்போ’ என்றும் கொள்ளலாம். முன்னே பிரிவுச்சாலை உண்டா, லாரி நடுவை நோக்கி அணைகிறதா, ஓட்டுநரின் கை வெளியே அசைகிறதா என்பவற்றை வைத்தே பின்வருபவர் பொருள் கொள்கிறார். ஒரே குறி நேர்மாறான இரு பொருள் தருவதும், சூழலே பொருளைத் தீர்மானிப்பதும் மொழியியல் பயின்றோர்க்குப் புதிதல்ல. கேமராவுக்குப் புதிது. குறிவிளக்கை இனங்காணும் மென்பொருள், விதிநூற் பொருளை மட்டுமே கற்றிருந்தால், வழிவிட்ட லாரியின் பின்னால் காரணமின்றிக் காத்திருக்கும். வழக்குப் பொருளை மட்டும் கற்றிருந்தால், உண்மையாகவே திரும்பும் லாரியின் மேல் மோதும். இவ்விரு பிழைகளும் ஒத்த எடை கொண்டவை அல்ல. ஆகவே ஐயம் நேர்ந்தவிடத்து விதிநூற் பொருளையே அமைப்பு கொள்ளுதல் தகும்.

தரவும் அடுத்த கட்டப் பணியும்

இம்மாதிரிகள் எத்தரவால் சரிபார்க்கப்பட்டன என்பது இறுதியாகக் காணத்தக்கது. பெரிதும் பயன்படுத்தப்படுவன இரண்டு: 2005ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.101, ஐ-80 நெடுஞ்சாலைகளில் திரட்டிய தரவு. 2018ஆம் ஆண்டு வெளிவந்த, ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் டிரோன் வழி எடுத்த தரவு. ஹைதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுதி பத்தாயிரம் படங்களை 34 வகைப்பாடுகளில் குறித்துள்ளது. ஆட்டோவும் கால்நடையும் அதில் தனிவகை பெறுகின்றன. ஆனால் படத்தொகுதி எது எங்கே உள்ளது என்பதைக் கற்பிக்குமே தவிர, யார் யாருக்கு எப்போது வழிவிட்டார் என்பதைக் கற்பிக்காது. அதற்கு ஊர்திகளின் நகர்வுப் பாதை தேவை. சென்னை சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் பதிவுசெய்து 2015ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்திகளின் பாதைத் தரவு கலப்புப் போக்குவரத்துக்குரிய அரிய முன்னோடி. அது நகர்ப்பாலம், வேகம் குறைவு. 90 கி.மீ. காரும் 25 கி.மீ. டிராக்டரும் ஒரே தடத்தில் சந்திக்கும் நிலை அதில் இல்லை.

எனவே தேசிய நெடுஞ்சாலை 44இல் மூன்று இடங்களில் பாதைத் தரவு திரட்டத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆற்றுப்பாலத்திற்கும் கே.டி.சி. நகருக்கும் இடைப்பட்ட பகுதியில் மாலை நேர இருசக்கர ஊர்தி நெரிசல், மூன்றடைப்பை அடுத்து பிசான அறுவடை நாள்கள், காவல்கிணற்றை அடுத்து ஆடிக் காற்று. ஒவ்வொன்றிலும் அளக்கவிருப்பது ஒரே பொருள்: ஒரு கார் வலத்தடத்திற்கு மாறியபோது, பின்வந்த பைக் உண்மையில் எவ்வளவு வேகம் குறைத்தது, எத்தனைப் பட்டை விலகியது என்பது. இணக்கக் காரணிக்கும் இருசக்கர ஊர்தியின் வேகக்குறைப்பு வரம்புக்கும் இச்சாலைக்குரிய மதிப்புகளை அவ்வளவீடுகளிலிருந்தே பெற இயலும்.